மதம் என்ற கட்டத்தில் ஒரு கோடு

பாரங்களில் 'மதம்' என்ற கட்டத்தில் தாத்தா எப்பவும் ஒரு கோடு மட்டும் போடுவார். கவுண்டரில் இருப்பவர் அதற்கு மேலேயே 'ஹிந்து' என்று எழுதிக்கொள்வார். "அவனுக்கு ஒரு பேர் வேணும், எழுதிக்கட்டும்" என்பார் தாத்தா. சுயமரியாதைக்காரர்.

பெரியார் 1929 டிசம்பரில் கப்பலில் வந்து இறங்கியது எங்கள் பினாங்கில்தான். அந்தப் பயணத்தின் தாக்கம் பெரிது. 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது, 1935இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' தொடங்கினார். தீமிதி, காவடி, உயிர்ப்பலி எல்லாவற்றையும் எதிர்த்தார்கள்.

ஆனால் அவர்கள் வீட்டுக் கல்யாணத்தைப் பாருங்கள். ஐயர் இருந்த இடத்தில் ஒரு தலைவர், மந்திரத்துக்குப் பதில் சொற்பொழிவு, அக்கினிக்குப் பதில் உறுதிமொழி. சுவரில் மாலை போட்ட படம். "இதுவும் ஒரு மதம்தானே?" என்று கேட்பவர்கள் அப்பவும் இருந்தார்கள், இப்பவும் இருக்கிறார்கள். ஐரோப்பாவிலும் இதே கேள்விதான். நாஜிகள் காலத்தில் எரிக் ஃபோகலின் 1938இல் எழுதிய நூலின் பெயரே 'அரசியல் மதங்கள்'. கடவுளை மறுத்த சோவியத்து, 1924இல் இறந்த லெனினின் உடலைப் பதப்படுத்தி வைத்து மக்களை வரிசையில் நிற்க வைத்தது.

சட்டமும் கொள்கையை மதத்துக்குள்தான் உட்கார வைக்கிறது. சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1967இல் அண்ணா அரசு அதைச் செல்லும் என்று ஆக்கியது. எப்படி? இந்து திருமணச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து! மதச் சடங்கை மறுத்தவர்களின் கல்யாணம், இந்துக்களின் கல்யாணமாகத்தான் செல்லுபடியானது.

நம் நாட்டில் கதை தலைகீழ். 1969 மே கலவரத்துக்குப் பிறகு, 1970 ஆகஸ்ட் 31இல் ருக்குன் நெகாரா வந்தது. அது அரசின் கொள்கை. ஆனால் முதல் கோட்பாடே இறை நம்பிக்கை. 'ருக்குன்' என்ற சொல்லும் இஸ்லாத்தின் ஐந்து கடமைகளைச் சொல்லும் அதே சொல். பள்ளி எசெம்ப்ளியில் வலது கையை உயர்த்தி அதைச் சொல்லித்தான் நாமெல்லாம் வளர்ந்தோம்.

அப்படியானால் கொள்கை மதமா? சடங்கை வைத்து முடிவு செய்ய முடியாது என்றே நினைக்கிறேன். சடங்கு மனுஷனுக்கு வேண்டியது. பட்டமளிப்பு விழாவிலும் அங்கி உண்டு. வேறுபாடு வாக்குறுதியில் இருக்கிறது. மதம் மறுமையைச் சொல்கிறது. போய்ப் பார்த்துத் திரும்பியவர் இல்லை. கொள்கை இங்கேயே, இந்த மண்ணிலேயே மாற்றம் வரும் என்கிறது. ஆகவே அது தோற்கலாம். தோற்றதை நாம் கண்ணால் பார்க்கலாம். தோற்ற பிறகும் கேள்வி கேட்கக்கூடாது என்று சொல்லும் நாளில்தான் கொள்கை மதமாகிறது. தான் சொன்னதையும் யோசித்துப் பார்த்தே ஏற்கச் சொன்னவர் பெரியார். அவர் படத்துக்கு மாலை போட்ட எல்லாரும் அதைச் செய்தார்களா என்பது வேறு விஷயம்.

சடங்கு வேண்டாம் என்று தாத்தா எழுதி வைத்திருந்தார். பெரியவர்கள் பயந்து எல்லாவற்றையும் செய்தார்கள். கொள்ளிக்குடம் சுமந்தவன் நான்தான். மறுக்காததற்குக் காரணம் பக்தி இல்லை, பாட்டியின் முகம். அதற்குப் பிறகு அவர் போட்ட அந்தக் கோட்டை நான் இன்னும் ஒரு பாரத்திலும் போட்டதில்லை.