நல்ல இசை யாருக்குச் சொந்தம்? - அமெரிக்கக் கிறிஸ்தவ இசையின் கதை

கிறிஸ்தவப் பாடல் என்றதும் ஆர்கன் பின்னணியில் ஒலிக்க, நீண்ட அங்கி அணிந்த பாடகர் குழு நின்று பாடும் காட்சிதான் பலருடைய மனதிலும் தோன்றும். அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. எலெக்ட்ரிக் கிடார், டிரம்ஸ், நீளமுடி, பிற்காலத்தில் ராப், கிரன்ஜ் எல்லாம் சேர்ந்த ஒரு இசை அது. "சமகாலக் கிறிஸ்தவ இசை" என்று பெயர், சுருக்கமாக சி.சி.எம். இதற்கென்று தனி வானொலி நிலையங்கள், தனி விருதுகள், தனி விற்பனைப் பட்டியல், தனிக் கடைகள் என்று ஒரு முழு உலகமே உருவானது. ஆனால் அந்த உலகத்தின் மீது தொடர்ந்து வைக்கப்பட்டு வரும் குற்றச்சாட்டு ஒன்றுதான்: "இது வெறும் நகல்!" வெளியே இருந்த விமர்சகர்கள் மட்டுமல்ல, உள்ளே இருந்த இசைக் கலைஞர்களே இதைச் சொன்னார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

முதலில் ஒரு முரணைச் சொல்லிவிட வேண்டும். ராக் இசையைத் திருச்சபை கடன் வாங்கியது என்பதே பாதி உண்மைதான். ராக் இசை பிறந்த தொட்டில்களில் ஒன்று கறுப்பின மக்களின் திருச்சபை. அர்கன்சாஸ் மாநிலத்தில் பிறந்து பெந்தெகொஸ்தே சபையில் பாடி வளர்ந்த சிஸ்டர் ரொசெட்டா தார்ப், 1940களிலேயே எலெக்ட்ரிக் கிடாரை மீட்டி தேவப்பாடல்கள் பாடினார். 1944ல் அவர் பதிவு செய்த பாடல் ஒன்று அடுத்த ஆண்டில் பில்போர்டு பட்டியலிலும் இடம் பிடித்தது. எல்விஸ் பிரெஸ்லியும் ஜானி கேஷும் அவரைக் கேட்டு ரசித்தவர்கள். சிகாகோவில் தாமஸ் டார்சி என்பவர் ப்ளூஸ் பியானோ வாசித்துவிட்டு, பிறகு அதே ப்ளூஸை ஆலயத்துக்குள் கொண்டுவந்து காஸ்பல் இசையின் தந்தை என்று பெயர் பெற்றார். ரே சார்ல்ஸ் 1954ல் ஒரு காஸ்பல் பாடலின் மெட்டை எடுத்துக் காதல் பாட்டாக மாற்றியபோது ஆலயத்திலிருந்து உலகத்துக்குப் போன சரக்கு அது! இதெல்லாம் தெரியாமலேயே 1970களின் வெள்ளைக்கார இளைஞர்கள் "உலக இசையை ஆலயத்துக்குள் கொண்டு வருகிறோம்" என்று நம்பினார்கள். அவர்களை எதிர்த்த போதகர்களும் அப்படியே நம்பினார்கள். ரொசெட்டா தார்ப் ராக் இசைக்கான புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டது 2018ல்தான். அவர் இறந்து 45 ஆண்டுகள் கழித்து.

சி.சி.எம். கதையை வழக்கமாக லாரி நார்மனிடமிருந்து தொடங்குவார்கள். 'பீப்பிள்' என்ற குழுவில் பாடிக்கொண்டிருந்த நார்மன், 1968ல் அந்தக் குழுவின் பாடல் ஒன்று வெற்றி பெற்ற சமயத்தில் விலகினார். 1969ல் கேபிடல் நிறுவனம் அவருடைய 'அப்பான் திஸ் ராக்' ஆல்பத்தை வெளியிட்டது. பெரிதாக விற்கவில்லை, நிறுவனம் அவரைக் கைவிட்டது. 1972ல் வெளிவந்த 'ஒன்லி விசிட்டிங் திஸ் பிளானட்' லண்டனில், பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது. நல்ல இசை எல்லாம் சாத்தானுக்கு மட்டும் ஏன் போக வேண்டும் என்று கேலியாகக் கேட்கும் அவருடைய புகழ்பெற்ற பாடல் இதில்தான் இருக்கிறது. வியட்நாம் போர், நிறவெறி, நிலவுக்கு ஆள் அனுப்பும் நாட்டில் பசியோடு கிடக்கும் குழந்தைகள் என்று அந்த ஆல்பம் பேசாத விஷயம் குறைவு. ஆலயத்துக்கு அவர் அளவுக்கு மீறிய ராக். ராக் உலகத்துக்கு அவர் அளவுக்கு மீறிய கிறிஸ்தவர். கிறிஸ்தவப் புத்தகக் கடைகள் அவரை வைத்துக்கொள்ளத் தயங்கின. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலுக்கு இந்த ஆல்பத்தைத் தேர்ந்தெடுத்ததாக 2014ல் அறிவித்தது. நார்மன் அதைப் பார்க்க இல்லை. 2008 பிப்ரவரியில் இறந்துவிட்டார்.

அதே காலத்தில் கலிபோர்னியாவின் கோஸ்டா மெசா நகரில் சக் ஸ்மித் என்ற போதகரின் கல்வாரி சேப்பலுக்கு ஹிப்பி இளைஞர்கள் வெறுங்காலோடு வந்துகொண்டிருந்தார்கள். கிடாரோடு வந்தவர்களைப் பாடவும் விட்டார் ஸ்மித். அங்கிருந்து 1971ல் 'மரனாதா' இசை நிறுவனம் பிறந்தது. 1972 ஜூனில் டல்லஸில் நடந்த 'எக்ஸ்ப்ளோ 72' மாநாட்டின் கடைசி நாள் கச்சேரிக்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள் என்று சொல்லப்படுகிறது. அந்த நாட்களின் இசை முதிர்ந்த இசை அல்ல, ஆனால் யாரைப் போலவும் இருக்க வேண்டும் என்ற கணக்கு அதில் இல்லை. தனக்குத் தெரிந்த இசையில் தனக்கு நடந்ததைப் பாடினார்கள், அவ்வளவுதான்.

கணக்கு பிறகு வந்தது. டெக்சாஸின் வேக்கோ நகரில் 1951ல் தொடங்கப்பட்ட 'வேர்ட்' நிறுவனத்தை 1974ல் ஏ.பி.சி. தொலைக்காட்சி நிறுவனம் வாங்கியது. 1976ல் பிறந்த 'ஸ்பேரோ' 1992ல் இ.எம்.ஐ. கைக்குப் போனது. 'வேர்ட்' பல கைகள் மாறி 2002ல் வார்னரிடம் சேர்ந்தது. ஏமி கிராண்ட் என்ற இளம்பெண்ணின் 1982 ஆல்பம் பத்து லட்சம் விற்றது. 1991ல் அவருடைய காதல் பாடல் ஒன்று பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கே போனது, அந்த ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 50 லட்சத்தைத் தாண்டியது. பணம் இருக்கிறது என்று தெரிந்த இடத்துக்குப் பெரிய நிறுவனங்கள் வருவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

நகல் எடுக்கும் பழக்கம் வேரூன்றியது இந்தக் காலத்தில்தான். ஆனால் பேராசையை மட்டும் காரணமாகச் சொல்வது சரியாகாது. வாங்குவது யார் என்று பார்க்க வேண்டும். ஜிம்மி ஸ்வாகர்ட் போன்ற போதகர்கள் கிறிஸ்தவ ராக்கையே ஓநாய் என்று புத்தகம் எழுதிக்கொண்டிருந்த 1980களில், பிள்ளைகள் கேட்கும் ராக் பாடல்களைப் பார்த்துப் பயந்த பெற்றோர்கள் ஒரு மாற்றைத் தேடினார்கள். காசு கொடுத்தது பெற்றோர், கேட்டது பிள்ளை. எனவே கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் ஒரு அட்டவணை மாட்டப்பட்டது: "உனக்கு இன்ன குழு பிடிக்குமா? அப்படியானால் இந்தக் கிறிஸ்தவக் குழுவைக் கேள்." இடது பக்கம் உலகப் பெயர், வலது பக்கம் அதற்கு ஈடான பரிசுத்தப் பெயர்! காப்பிக்குப் பதிலாகச் சிக்கரி கொடுப்பது போல. இந்த அட்டவணையில் இடம் பிடிக்க வேண்டுமானால் ஒரு குழு இன்னொன்றைப் போல ஒலித்தே ஆக வேண்டும். யாரைப் போலவும் இல்லாத கலைஞனுக்கு அந்தச் சுவரில் இடமே கிடையாது. தனித்தன்மை என்பது அங்கே வியாபாரக் குறைபாடு.

கறுப்பு-மஞ்சள் கோடு போட்ட உடையில் வந்து கூட்டத்துக்குள் பைபிளை வீசிய ஸ்ட்ரைப்பர் குழுவின் 1986 ஆல்பம் லட்சக்கணக்கில் விற்றது. உடை, முடி, கிடார் எல்லாம் அன்றைய லாஸ் ஏஞ்சலஸ் மெட்டல் குழுக்களுடையவை. டி.சி. டாக் குழு ராப்பில் தொடங்கி 1995ல் 'ஜீசஸ் ஃப்ரீக்' வழியாக கிரன்ஜுக்கு வந்தது. நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' வந்தது 1991ல். அதன் பாடகர் கர்ட் கோபெய்ன் 1994ல் இறந்தே போய்விட்டார். நான்கு ஆண்டு தாமதம்! இருந்தும் அந்த ஆல்பம் கேட்கத்தக்கதுதான், குரல்களின் சேர்க்கை இன்றும் சிறப்பாக இருக்கிறது. தரம் வேறு, தனித்தன்மை வேறு என்பதற்கு இது நல்ல உதாரணம். ஒலிப்பதிவின் தரத்தில் 1990களின் நாஷ்வில் யாருக்கும் குறைந்ததல்ல.

இதன் அடியில் ஒரு இறையியல் சிக்கலும் இருக்கிறது. பாடலின் மதிப்பு அதன் செய்தியில் மட்டுமே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், இசை வெறும் பாத்திரம் ஆகிவிடுகிறது. பாத்திரத்தை யாரிடமிருந்து வாங்கினால் என்ன? இந்த எண்ணத்தில்தான் வானொலிக்காரர்களைக் கிண்டல் செய்ய "நிமிடத்துக்கு எத்தனை இயேசு" என்ற அளவுகோல் பிறந்தது. காஸ்பல் இசைச் சங்கம் 1998ல் எது கிறிஸ்தவப் பாடல் என்பதற்கு வரிகளை வைத்தே ஒரு வரையறை வகுத்தது. விளைவு, சிக்ஸ்பென்ஸ் நன் த ரிச்சர் குழுவின் 'கிஸ் மீ' 1999ல் உலகமெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தபோது சங்கத்தின் டவ் விருதுக்குத் தகுதியற்றதாயிற்று. வரையறையில் இசையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. 1997ல் ஸ்டீவ் கேம்ப் என்ற பாடகர் லூத்தரைப் பின்பற்றி 107 கண்டனக் குறிப்புகளை வெளியிட்டார். அவருடைய கோபம் நிறுவனங்கள் உலகத்தாரிடம் விற்கப்பட்டதைப் பற்றியே அதிகம்.

தனிக்குரல்களே இல்லையா என்றால், இருந்தன. கீத் கிரீன் 1980ல் தன் ஆல்பத்துக்கு விலையே வைக்காமல், முடிந்ததைக் கொடுங்கள், முடியாவிட்டால் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். 1982ல் விமான விபத்தில் 28 வயதில் மறைந்தார். மார்க் ஹெர்டின் பாடல்களை சக கலைஞர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள், விற்பனையோ சொற்பம்; 1992ல் ஒரு இசை விழா மேடையில் மாரடைப்பு வந்து, சில வாரங்களில் இறந்தார். ரிச் மல்லின்ஸ் இவர்களில் வினோதமானவர். சிறு கம்புகளால் தட்டி வாசிக்கும் டல்சிமர் என்ற பழைய கம்பிக் கருவியைப் பாப் பாடலுக்குள் கொண்டு வந்தார். தன் வருமானத்தைப் பிறரிடம் ஒப்படைத்து, ஒரு சராசரித் தொழிலாளியின் சம்பளம் மட்டும் போதும் என்றார். கடைசி ஆண்டுகளில் நவஹோ பழங்குடியினர் பகுதியில் குழந்தைகளுக்கு இசை சொல்லிக்கொடுத்து வாழ்ந்தார். 1997ல் இலினாய்ஸில் சாலை விபத்தில் போய்விட்டார். அவருடைய 1993 ஆல்பத்தைக் கேட்பவர்கள் "இது யாரைப் போல இருக்கிறது?" என்று கேட்கவே மாட்டார்கள்.

2000க்குப் பிறகு கதை வேறு பாதையில் திரும்பியது. சபையார் சேர்ந்து பாடும் ஆராதனைப் பாடல்களே சந்தையை நிறைத்தன. இதற்குப் பின்னால் ஒரு ஏற்பாடு இருக்கிறது. 1988ல் தொடங்கிய சி.சி.எல்.ஐ. அமைப்புக்குச் சபைகள் தங்கள் அளவுக்கேற்ப ஆண்டுக் கட்டணம் செலுத்தும். எந்தப் பாடல்கள் பாடப்பட்டன என்ற அறிக்கையின்படி அந்தப் பணம் பாடல் உரிமையாளர்களுக்குப் பிரியும். எந்தச் சபையும் எளிதில் பாடக்கூடிய பாடலுக்கே வருமானம் அதிகம். எனவே சுருதி நடுத்தரம், நாலு கார்டு, திரும்பத் திரும்ப வரும் வரி, பின்னணியில் யூ2 குழுவின் கிடார் போன்ற எதிரொலி. (யூ2வின் நால்வரில் மூவர் டப்ளினில் ஒரு ஜெபக்குழுவில் இருந்த கிறிஸ்தவர்கள், ஆனால் சி.சி.எம். சந்தைக்குள் நுழையவே இல்லை என்பது தனி வேடிக்கை.) இங்கிலாந்தின் வாட்ஃபோர்டில் ஒரு சபை, இசைமேல் கவனம் அதிகமாகிவிட்டது என்று இசைக்குழுவையும் ஒலிபெருக்கியையும் சில காலம் ஒதுக்கி வைத்தது. அந்த அனுபவத்தில் மேட் ரெட்மன் எழுதிய பாடல், உலகெங்கும் இசைக்குழுக்கள் ஒலிபெருக்கியோடு பாடும் பாடலாகிப் போனது! 2023ல் வெளியான ஓர் ஆய்வு, 2010 முதல் 2020 வரை பட்டியலின் உச்சிக்கு வந்த 38 ஆராதனைப் பாடல்களில் 36, நான்கு பெரிய சபைகளோடு தொடர்புடையவை என்று கண்டது. ஒரு காலத்தில் உலகத்தை நகல் எடுத்தவர்கள் இப்போது ஒருவரை ஒருவர் நகல் எடுக்கிறார்கள் எனலாம்.

இந்த வரலாற்றில் தலைகீழாக ஒரு வழக்கும் நடந்தது. ஃப்ளேம் என்ற கிறிஸ்தவ ராப் பாடகர், 2008ல் வெளிவந்த தன் 'ஜாய்ஃபுல் நாய்ஸ்' பாடலின் இசைத்துணுக்கைத் திருடிவிட்டதாக 'டார்க் ஹார்ஸ்' பாடலுக்காக கேட்டி பெர்ரி மீது வழக்குத் தொடுத்தார். கேட்டி பெர்ரி யார்? போதகர்களின் மகள், 2001ல் கேட்டி ஹட்சன் என்ற சொந்தப் பெயரில் ஒரு கிறிஸ்தவ ஆல்பம் வெளியிட்டு, அது விலைபோகாமல் பாப் உலகத்துக்குப் போனவர். 2019ல் நடுவர் குழு ஃப்ளேம் பக்கம் தீர்ப்புச் சொல்லி, சுமார் 28 லட்சம் டாலர் இழப்பீடும் நிர்ணயித்தது. 2020ல் நீதிபதி அதை ரத்து செய்தார். 2022ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ரத்தை உறுதி செய்தது. சர்ச்சைக்குரிய அந்த எட்டு ஸ்வரங்கள் எல்லா இசைக்கும் பொதுவான அடிப்படைச் செங்கற்கள், அவற்றுக்கு யாரும் தனி உரிமை கொண்டாட முடியாது என்பதுதான் நீதிமன்றம் சொன்ன காரணம்.