ஆற்றங்கரை முதல் அலைக்குளம் வரை: தமிழ்நாட்டில் கேளிக்கைப் பூங்காக்கள்

விடுமுறை நாளில் குடும்பத்தோடு சென்று, நுழைவுக் கட்டணம் செலுத்தி, இராட்டினங்களிலும் நீர்ச்சறுக்குகளிலும் விளையாடித் திரும்பும் இடத்தைக் கேளிக்கைப் பூங்கா என்கிறோம். பேச்சு வழக்கில் தீம் பார்க் என்றும், நீர் விளையாட்டு மிகுந்திருந்தால் வாட்டர் பார்க் என்றும் சொல்வர். தமிழ்நாட்டில் இவை தோன்றி ஏறத்தாழ அரை நூற்றாண்டுதான் ஆகிறது. ஆனால் குடும்பமாக நீர்நிலைக்குப் போய்ப் பொழுதைக் கழித்து வரும் பழக்கம் மிகப் பழையது. அந்தப் பழக்கம் கட்டணச் சீட்டுக்குள் வந்த கதையே இக்கட்டுரை. அதனால் யார் உள்ளே வந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்பதும் இக்கதையில் சேர்ந்ததுதான்.

ஆடிப்பெருக்கும் படித்துறையும்

ஆடி மாதம் பதினெட்டாம் நாள் காவிரிக்கரை ஊர்களில் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். புளியோதரை, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு எனக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவார்கள். பெண்கள் காதோலை கருகமணி வைத்து ஆற்றை வழிபட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வர். தஞ்சைப் பகுதிப் பிள்ளைகள் சிறு சப்பரங்களைத் தெருவில் இழுத்து வருவர். வழிபாடு அரை மணி நேரம். மீதிப் பொழுதெல்லாம் தண்ணீரும் சாப்பாடும் பேச்சும்தான். குற்றாலத்தில் சாரல் காலத்திலும், ஒகேனக்கலிலும், பாபநாசத்திலும் இதே காட்சியைக் காணலாம்.

ஆற்றங்கரை எல்லோருக்கும் பொதுவாக இருந்தது என்று இன்று எழுதுவது எளிது. உண்மை அதுவன்று. பல ஊர்களில் இன்னார்க்கு இன்ன படித்துறை என்றிருந்தது. குளத்தில் இறங்கவே கூடாது என்று தடுக்கப்பட்ட மக்களும் இருந்தனர். பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவற்றை எல்லாச் சாதியினரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னை மாகாணச் சட்டசபையில் கொண்டுவந்தார். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு இதை அடிப்படை உரிமையாக்கியது. அப்பிரிவின் இரண்டாம் உட்பிரிவை மாணவர்கள் ஒருமுறை முழுதாகப் படித்துப் பார்க்க வேண்டும். கடைகள், உணவகங்கள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஒரு பகுதியில் வரும். கிணறுகள், குளங்கள், படித்துறைகள், சாலைகள் அடுத்த பகுதியில் வரும். கேளிக்கை இடமும் படித்துறையும் ஒரே உட்பிரிவில் இடம்பெற்றது தற்செயல் அன்று. மனிதனை மனிதன் விலக்கி வைத்த இடங்களின் பட்டியல் அது.

அணைக்கட்டுப் பூங்காக்கள்

இந்தக் கதையில் அடுத்து வருபவை அரசு அமைத்த பூங்காக்கள். மைசூருக்கு அருகே கிருஷ்ணராஜ சாகர் அணையின் அடியில் அமைந்த பிருந்தாவனத் தோட்டத்தைத் திரைப்படங்கள் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டின. தமிழ்நாட்டிலும் மேட்டூர் (1934), பவானிசாகர் (1955), சாத்தனூர் (1958), வைகை (1959) அணைகளை ஒட்டிப் பூங்காக்கள் எழுந்தன. செயற்கை நீரூற்று, சிமெண்ட் சறுக்கு மரம், ஊஞ்சல், சாத்தனூரில் முதலைப் பண்ணை என்று எளிய ஏற்பாடுகளே. நுழைவுக் கட்டணம் பெயரளவுக்குத்தான். கட்டுச்சோற்றை யாரும் தடுக்கவில்லை. பள்ளிக்கூட இன்பச் சுற்றுலா என்றால் ஓர் அணையும் ஒரு கோயிலும் என்பது நெடுங்காலம் எழுதப்படாத விதியாக இருந்தது.

இராட்டினம் வேறு வழியாக வந்தது. கோயில் திருவிழாக்களில் மரத்தாலான குடை இராட்டினத்தை ஆள்களே சுற்றினர். கொங்குப் பகுதியில் இராட்டினத் தூரி என்பார்கள். இன்றைய இரும்பு ஜயன்ட் வீலுக்கு முன்னோடி 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜார்ஜ் ஃபெரிஸ் நிறுவிய 264 அடி உயரச் சக்கரம். அதன் சிறிய வடிவங்கள் சென்னைத் தீவுத்திடல், மதுரைத் தமுக்கம் பொருட்காட்சிகளுக்கு வந்து, சில வாரங்கள் சுற்றிவிட்டு அடுத்த ஊருக்கு லாரியில் போயின.

நிலையான பூங்காக்கள்

சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. சகோதரர்கள் அமைத்த கோல்டன் பீச்சே தமிழ்நாட்டில் பெரும்பாலோர் அறிந்த முதல் நிலையான தனியார் கேளிக்கை இடம் எனலாம். வானொலி முதலிய வீட்டுப் பொருள்களைத் தவணை முறையில் விற்றுப் பெயர் பெற்ற குடும்பம் அது. நடுத்தரக் குடும்பத்தின் ஆசையையும் மாதச் சம்பளத்தையும் நன்கு அறிந்த வணிகர்கள் பூங்கா தொடங்கியதில் வியப்பில்லை. அங்கே அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்க முயன்று தோற்றவர்கள் எல்லாக் குடும்பத்திலும் ஒருவராவது உண்டு.

1990களில்தான் வேகம் வந்தது. டில்லியில் அப்பு கர் (1984), மும்பையில் எஸ்ஸெல் வேர்ல்டு (1989) ஆகியவை வழிகாட்டின. பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பின் குடும்பங்களின் கையில் செலவழிக்கப் பணம் கொஞ்சம் கூடியது. தாம்பரத்தை அடுத்துக் கிஷ்கிந்தா 1995இல் திறக்கப்பட்டது. அதை நிறுவிய நவோதயா அப்பச்சன், இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ (1984) தயாரிப்பாளர். முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்டு, மேட்டுப்பாளையத்தில் நீலகிரி அடிவாரத்தில் பிளாக் தண்டர், பிறகு மதுரை பரவையில் அதிசயம், கோவையில் கொண்டாட்டம், செம்பரம்பாக்கம் பக்கம் குயின்ஸ்லேண்ட் என்று வரிசை நீண்டது.

நீர்ப் பூங்காக்களின் உயிர்நாடி அலைக்குளம். குளத்தின் ஆழமான முனையில் சுவருக்குப் பின்னால் மூடிய அறைகள் உண்டு. அவற்றுக்குள் பெரிய விசிறிகள் காற்றை விட்டுவிட்டு அழுத்தும். அறையின் நீர் கீழே தள்ளப்பட்டு வெளியே அலையாக எழும். தரை கரைபோல் சரிந்திருப்பதால் அலை உயர்ந்து உடையும். சங்கு ஊதியதும் நூற்றுக்கணக்கானோர் ஒரே குரலில் கூச்சலிட்டபடி அலைக்குக் காத்திருப்பார்கள். கடலைப் பார்த்தே இராத சேலம், தருமபுரிப் பிள்ளைகள் பலர் முதல் அலையில் நனைந்தது இப்படித்தான்.

யார் உள்ளே, யார் வெளியே

அந்தக் குளத்தில் நிற்பவரை எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. படித்துறையில் பிரிந்து நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரே நீரில் தோளோடு தோள் இடித்துக் குதிக்கிறார்கள். இந்த மாற்றத்தை நம் வரலாற்று நூல்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். பெண்களுக்கும் இது புதிது. ஆற்றில் விடியற்காலையில் ஒதுங்கிக் குளித்த வழக்கம் போய், பகலில் கணவன், பிள்ளைகளோடு சேர்ந்து சறுக்கி விழுந்து சிரிக்க முடிந்தது.

ஆனால் சாதி கேட்காத வாயில் பணம் கேட்டது. 1990களின் இறுதியில் எங்கள் பள்ளியிலிருந்து ஒரு பூங்காவுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றோம். வகுப்பில் 46 பேர்; பெயர் கொடுத்தவர்கள் 29 பேர். மீதிப் பேர் “எனக்குத் தண்ணின்னா பயம் சார்” என்றார்கள். அவர்களில் பாதிப் பேர் கிணற்றில் தலைகீழாகக் குதிக்கிறவர்கள். அடுத்த ஆண்டு முதல் நாங்கள் மறுபடியும் அணைக்கே போனோம்.

வயதானவர்களுக்கும் உள்ளே இடம் குறைவுதான். பருத்தி நூல் உதிர்ந்து வடிகட்டிகளை அடைக்கும் என்பதாலும், சேலை, வேட்டி சறுக்கில் சிக்கும் என்பதாலும் பெரும்பாலான பூங்காக்களில் நைலான் உடை கட்டாயம். காரணம் சரியானதே. ஆயினும் பாட்டி நிழலில் அமர்ந்து எல்லோருடைய செருப்புக்கும் காவல் இருக்கிறார். ஆற்றங்கரையில் அவர்தான் தலைவி. சோறு அவர் கையால்தான். இங்கே வெளியுணவுக்கு அனுமதி இல்லாததால் தூக்குவாளி வேனிலேயே இருந்துவிடுகிறது.

வரியும் விலையை ஏற்றியது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது பூங்கா நுழைவுக்கு 28 விழுக்காடு விதிக்கப்பட்டது; 2018 சனவரியில் அது 18 ஆகக் குறைந்தது.

நீர்ப் பற்றாக்குறையும் இக்கதையில் உண்டு. பூங்காக்கள் நீரை வடிகட்டி மீண்டும் மீண்டும் பயன்படுத்துகின்றன. ஆகவே பார்வைக்குத் தோன்றும் அளவுக்கு அவை நீரை விழுங்குவதில்லை. இருந்தாலும் 2019 கோடையில் செம்பரம்பாக்கம் உள்ளிட்ட ஏரிகள் வறண்டு, சென்னை மக்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றபோது, நீலநிறக் குளத்தின் விளம்பரப் பலகை பலர் கண்ணை உறுத்தியது.

ஆறுகளின் நிலையும் மாறிவிட்டது. காவிரியில் நீர் வராத சில ஆண்டுகளில் ஆடிப்பெருக்கன்று திருச்சி அம்மா மண்டபம் படித்துறையில் குழாய்களும் ஷவர்களும் அமைத்தார்கள். மக்கள் வரிசையில் நின்று அதன் கீழ் நனைந்து, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, கொண்டுவந்த கட்டுச்சோற்றைக் காய்ந்த மணலில் அமர்ந்து சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினார்கள்.