கும்மந்தான்

மதுரையில் கான்சாமேட்டுத் தெரு இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கான்சாபுரம் இருக்கிறது. இரண்டுமே ‘கும்மந்தான் கான்சாகிபு’ என்று ஜனங்கள் அழைத்த யூசுப்கானின் பெயரில் பின்பாதியைத் தாங்கி நிற்பவை. முன்பாதியான கும்மந்தான் (கம்மந்தான் என்றும் சொல்வார்கள்) என்ற பதவிப்பெயர் எங்கே போனது? இதைத் தேடுகிறவர்கள் மதுரைக்குத்தான் போவார்கள். ஆனால் அந்தப் பதவிக்காரர் என்ன வேலை செய்தார் என்பதைத் தெரிந்துகொள்ளச் செங்கல்பட்டே நல்ல இடம்.

சொல் அயல்நாட்டுச் சரக்கு. ஆங்கிலேயர் வாயில் அது கமாண்டன்ட். நம் ஊர் வழக்கில் டகரம் தகரமாகி, கடைசி மெய்யும் உதிர்ந்து, ‘தான்’ என்று முடிகிறது. பிரெஞ்சுக்காரன் மூக்கொலியோடு சொன்னால் கிட்டத்தட்ட இப்படித்தான் கேட்கும். கப்பித்தான் போர்த்துகீசியர் வழியாக வந்ததுபோல இதுவும் ஆங்கிலம் அல்லாத வாய் ஒன்றின் வழியே வந்ததென்றே எனக்குப் படுகிறது. ‘ஆன்’ என்ற முடிவு நம் ஆண்பால் விகுதியோடு ஒட்டிக்கொண்டது வசதியாகப் போயிற்று.

பதவி ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பினிக்காரர் தந்தது. ராமநாதபுரம் சீமைப் பனையூரில் மருதநாயகமாகப் பிறந்து, மதம் மாறி யூசுப்கான் ஆனவர், திருச்சிராப்பள்ளிச் சண்டைகளில் மேஜர் லாரன்ஸிடம் பேர் வாங்கினார். பிரெஞ்சுக்காரரின் தானிய வண்டிகளை மடக்குவதும், தம் பக்கத்து வண்டிகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பதும் அவருக்குக் கைவந்த கலை. 1754இல் கும்பினிச் சிப்பாய்கள் அத்தனை பேருக்கும் அவரே கும்மந்தான் ஆக்கப்பட்டார்.

செங்கல்பட்டுக் கோட்டையையும் கோவளத்தையும் 1752இல் கிளைவ் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்திருந்தார். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைப்பட்டணத்தை முற்றுகையிட வந்தபோது இந்தக் கோட்டையைப் பிடிக்காமல் விட்டுவிட்டுப் போனார். அது பெரிய தப்பு. கோட்டைக்குள் ஆங்கிலேய அதிகாரி பிரஸ்டன் இருந்தார். தெற்கேயிருந்து யூசுப்கானும் தம் ஆட்களோடு வந்து சேர்ந்துகொண்டார். முற்றுகை போடும் படைக்கும் நாள்தோறும் அரிசி வேண்டும், மாடு வேண்டும், பீரங்கி இழுக்கக் காளைகள் வேண்டும். அவையெல்லாம் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்துதான் வர வேண்டும். இவர்கள் அந்த வழிகளில் பாய்ந்து பாய்ந்து அடித்தார்கள். திருப்பி அடிக்கப் படை அனுப்பினால் விலகிப்போய் வேறொரு இடத்தில் வந்து மொய்த்தார்கள். லாலியே இவர்களை ஈக்களுக்கு ஒப்பிட்டுப் புலம்பியதாகச் சொல்வார்கள். 1759 பிப்ரவரி 9 அன்று பரங்கிமலையில் கலியோட் என்ற ஆங்கிலேய அதிகாரியும் இவர்களும் பிரெஞ்சுப் படையை நேருக்கு நேர் எதிர்த்து நின்றார்கள். ஒரு வாரத்தில் ஆங்கிலக் கப்பல்கள் வந்துவிட, 17ஆம் தேதி முற்றுகை கலைந்தது. சென்னையைக் கப்பல்படை காப்பாற்றியது என்றே வழக்கமாக எழுதுவார்கள். கப்பல் வரும்வரை தாக்குப்பிடித்ததில் செங்கல்பட்டுக்கும் பங்குண்டு என்பேன். இன்று கொளவாய் ஏரியை ஒட்டி ஓடும் ரயில் அந்தக் கோட்டையை ஊடறுத்தே போகிறது. பெட்டியில் இருப்பவர்கள் பெரும்பாலும் இறங்குவதற்குப் பையைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையிலான அந்த யுத்தம் உலகம் முழுக்க நடந்தது. அதே 1758இல் வட அமெரிக்காவில் தயெண்டனேகியா என்ற பதினைந்து வயது மோஹாக் பழங்குடிப் பையன் ஆங்கிலேயர் பக்கம் நின்று பிரெஞ்சுக்காரரோடு சண்டைக்குப் போனான். பிற்பாடு ஜோசப் பிராண்ட் என்று பேரெடுத்து, 1780இல் கேப்டன் பட்டமும் பெற்றார். மூன்றாண்டு கழித்து, அமெரிக்க விடுதலைப் போரின் முடிவில், பிரிட்டன் அமெரிக்கரோடு சமாதானம் செய்தபோது, உடன் நின்று போரிட்ட மோஹாக்குகளின் நிலத்தைப் பற்றி அந்த ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தை இல்லை. பிராண்ட் கனடாவில் கிராண்ட் ஆற்றங்கரையில் நிலம் பெற்றுத் தம் ஜனங்களைக் குடியேற்றினார். பிராண்ட்ஃபோர்ட் என்ற ஊர் அவர் பெயரில் இருக்கிறது, நம் கான்சாபுரம்போல.

யூசுப்கான் கதை அவ்வளவு நீளவில்லை. 1759இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைக் குத்தகைக்கு எடுத்தார். பாளையக்காரர்களை அடக்கினார், வரியை ஒழுங்காகக் கட்டினார், கூடவே செல்வாக்கும் வளர்ந்தது. கும்பினிக்கு அவர் கும்மந்தானாக இருந்தால் போதும். ஆற்காட்டு நவாபு முகமது அலிக்கோ அதுவே அதிகம். நவாபுக்குக் கீழே இரு என்றார்கள், அவர் பணியவில்லை. மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. முற்றுகையிட வந்த அதிகாரிகளில் செங்கல்பட்டுத் தோழர் பிரஸ்டனும் ஒருவர். கோட்டையைப் பீரங்கியால் பிடிக்க முடியவில்லை. உள்ளே இருந்தவர்களே அவரைப் பிடித்துக் கட்டிக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவருக்கு அடக்கத்தலம் இருக்கிறது.

நம்மவர் ஒருவர் கும்பினிச் சிப்பாய்கள் அத்தனை பேருக்கும் தலைமை தாங்குவது அதற்குப்பின் நடக்கவில்லை. பட்டாளங்களில் கும்மந்தான் என்ற பதவி சில காலம் இருந்தது, ஆனால் பக்கத்திலேயே வெள்ளைக்கார கேப்டனும் இருந்தார். பிறகு நம்மவர் எட்டக்கூடிய உச்சம் சுபேதாரோடு நின்றது. சொல்லும் நாட்டுப்புறக் கதைப்பாடலுக்குள் ஒதுங்கியது.

தமிழ்நாடு சிறப்புக் காவல்படையில் கமாண்டன்டுக்கு இன்று அலுவல் தமிழ் ‘தளவாய்’. நாயக்கர் காலத்து அரியநாத முதலியாரின் பட்டம் அது. கும்மந்தானுக்கு முந்திய சொல்லே அவன் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்தப் படை முகாமிட்டிருக்கும் ஆவடி, 1997இல் மாவட்டம் பிரியும்வரை பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது.