நடுவரில்லா ஆட்டமும் பேச்சுரிமையும்: சென்னையில் அல்டிமேட் ஃபிரிஸ்பீ

முன்னுரை

விளையாட்டு ஒன்று ஊரெல்லை கடந்து வளரும்போது விதிநூலும் கூட்டமைப்பும் நடுவரும் உடன்வருவது வழக்கம். ஊர்த்திடலில் ஆடப்பட்ட சடுகுடு, கபடி என்னும் பெயரில் 1990ஆம் ஆண்டு பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இடம்பெற்றபோது, தீர்ப்பு நடுவரிடம் சென்றுவிட்டிருந்தது. அல்டிமேட் ஃபிரிஸ்பீ இதற்கு விலக்காகும். சென்னையில் இவ்விளையாட்டு வளர்ந்த முறையையும், நடுவரின்மை அதன் சமூகப் பண்பாட்டில் எழுப்பும் மொழிச் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றமும் விதிகளும்

இவ்விளையாட்டு 1968இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் மேப்பிள்வுட் நகரில், கொலம்பியா உயர்நிலைப்பள்ளி மாணவரிடையே உருவானது. 1985இல் உலகப் பறக்கும் வட்டுக் கூட்டமைப்பு தோன்றியது. 2015இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு அதற்கு முழு ஏற்பு அளித்தது.

புல்தரை ஆட்டத்தில் அணிக்கு எழுவர். கடற்கரை ஆட்டத்தில் ஐவர். 175 கிராம் எடையுள்ள வட்டினைக் கையில் வைத்திருப்பவர் ஓடலாகாது. பத்து எண்ணி முடிப்பதற்குள் எறிந்துவிட வேண்டும். எதிரணியின் எல்லைப்பகுதிக்குள் தம் அணியினர் அதைப் பிடித்தால் ஒரு புள்ளி கிடைக்கும். விதிமீறலுக்கு உள்ளானவரே ‘ஃபவுல்’ எனக் குரல் கொடுப்பார். எதிராளி ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். உடன்பாடு எட்டாவிடில் பெரும்பாலும் வட்டு எறிந்தவரிடமே திரும்பும். உலகப் போட்டிகளிலும் இதுவே நடைமுறை. ‘ஸ்பிரிட் ஆஃப் த கேம்’ எனப்படும் இக்கோட்பாட்டை ஆட்ட அறம் எனலாம். ஆட்டம் முடிந்தபின் ஒவ்வோர் அணியும் மற்றதன் நடத்தைக்கு ஐந்து கூறுகளில் மதிப்பெண் வழங்கும். அவற்றுள் ஒன்று உரையாடல்.

சென்னையில் வளர்ச்சி

சென்னையில் இவ்விளையாட்டு 2000த்தின் பிற்பகுதியில் பெசன்ட் நகர் உள்ளிட்ட கடற்கரைகளில் வேர்கொண்டது. வட்டு ஒன்று போதும். மணல் இலவசத் திடல். ‘சென்னை ஹீட்’ போட்டி பிற நகர அணிகளையும் இங்கு ஈர்த்தது. ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடும் கலப்பு முறையும், எளிய குடும்பத்து இளைஞரும் உயர்கல்வி பெற்றோரும் இணைந்தாடும் வழக்கமும் இச்சமூகத்தின் அடையாளங்களாயின. பரத் மிர்லே, அரவிந்த் ஐயர் இயக்கிய ‘175 கிராம்ஸ்’ ஆவணக் குறும்படம் சென்னை ஆட்டக்காரரின் இவ்வுலகையே பதிவு செய்து, 2015இல் சண்டான்ஸ் திரைப்பட விழாவை எட்டியது.

தீர்ப்பும் மொழியும்

நடுவர் இல்லாத களத்தில் தீர்ப்பு பேச்சால் அமைகிறது. தம் தரப்பைச் சுருங்கச் சொல்லவும், எதிராளியின் சொல்லைக் கேட்கவும் விதி கோருகிறது. களத்தில் வழங்கும் ‘ஃபவுல்’, ‘டிராவல்’, ‘கன்டெஸ்ட்’ முதலியனவோ ஆங்கிலச் சொற்கள். விதிநூலும் ஆங்கிலத்தில் பிறந்ததே. அதை வாசித்தறிந்தவருக்கும் கேட்டறிந்தவருக்கும் கருத்து வேறுபாடு எழுந்தால், பின்னவரின் மௌனம் ஒப்புதலாகக் கொள்ளப்பட இடமுண்டு. இங்கு வயதும் குறுக்கிடுகிறது. ‘அண்ணா’, ‘அக்கா’ என்றழைக்கும் ஒருவரிடம் ‘தவறு உங்களுடையது’ என இளையவர் சொல்ல வேண்டியுள்ளது. எனவே சமத்துவம் ஒரே அணியில் சேர்வதால் மட்டும் நிறைவுறாது. மறுத்துப் பேசும் வாய்ப்பாலேயே நிறைவுறும்.

இத்தகைய பேச்சு தமிழ்ச் சிறுவர்க்குப் புதிதன்று. கிட்டிப்புள் ஆட்டத்தில் சிறுவரே எண்ணி, சிறுவரே வழக்காடித் தீர்த்துக்கொண்டனர். ஏய்ப்பவரைக் கண்டிக்க ‘அழுகுணி ஆட்டம்’ என்னும் சொல்லும் இருந்தது. தன்தீர்ப்புக்கான சொல்வளம் நம் தெருவிளையாட்டுகளில் முன்பே உண்டு என்பதை இது காட்டுகிறது.

முடிவுரை

சென்னையில் அல்டிமேட் சமூகம் வளர அதன் நடுவரின்மையும் துணைநின்றது. எனினும் அந்நடுவரின்மை பேச்சுச் சமத்துவத்தைச் சார்ந்தே நிலைக்கும். கடலிலிருந்து தொலைவிலுள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற மேற்குப் புறநகர்ப் பள்ளித் திடல்களில் தமிழ்வழி மாணவர் இதனை ஆட வேண்டுமெனில், வட்டுக்கு முன்பாகத் தமிழ் விதிநூல் அங்குச் செல்லல் வேண்டும். இல்லையேல் நடுவர் இருந்த இடத்தில் ஆங்கிலம் அமர்ந்துவிடும்.