வில்லையிலிருந்து மின்வில்லைக்கு: ஓசூர் எல்லைப் பகுதியில் திறன் சான்று கடந்து வந்த வழி

ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வட்டத்தில் கர்நாடக எல்லையையும் யானைக் காட்டையும் ஒட்டிய ஊர். ஒரு பக்கம் ஓசூர் சிப்காட் தொழில் வளாகம். எல்லைக்கு அப்பால் ஆனேக்கல் வட்டத்து ஜிகணி, பொம்மசந்திரா தொழிற்பேட்டைகள். இங்கிருந்து வேலைக்குப் புறப்படும் இளைஞருக்கு இரண்டு மாநிலங்கள், தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்று மொழிகள். போகுமிடத்தில் அவரை யாருக்கும் தெரியாது. அவர் கைக்கு வேலை தெரியும் என்பதை ஒரு தாளோ படமோதான் சொல்லியாக வேண்டும். அந்தச் சான்றின் உருவம் பலமுறை மாறிவிட்டது. ஆனால் அதைச் சரிபார்க்கும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்று பார்த்தால்தான் இந்த வரலாறு விளங்கும் என்பது என் துணிபு.

டிஜிட்டல் பேட்ஜ் என்பதற்குத் தமிழில் பொருத்தமான பழஞ்சொல் ஒன்று உண்டு: வில்லை. கலெக்டர் கச்சேரியில் பித்தளை வில்லை அணிந்து நின்ற பணியாளரை வில்லைச் சேவகன் என்றார்கள். அவர் யாருக்கு வேலை செய்கிறார் என்று அந்த வில்லை சொன்னது; அவருக்கு என்ன தெரியும் என்று சொல்லவில்லை. 1908இல் பேடன் பவல் தொடங்கிய சாரணர் இயக்கத்தில்தான் முதலுதவி போன்ற தனித்தனித் திறமைகளுக்குத் துணி வில்லைகளைச் சட்டையில் தைத்துக்கொள்ளும் வழக்கம் பரவலானது. இன்றைய மின்வில்லை இந்த வழியில் வந்தது. அதனால் இக்கட்டுரையில் மின்வில்லை என்றே எழுதுகிறேன்.

தொழிற்சாலைச் சான்றின் கதை வேறிடத்தில் தொடங்குகிறது. 1950இல் மத்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டம், 1956இல் தேசியத் தொழிற்பயிற்சிக் குழுவான என்.சி.வி.டி., 1961இல் அப்ரண்டிஸ் சட்டம் என அடுத்தடுத்து வந்தன. தொழிற்பயிற்சி நிலையமான ஐ.டி.ஐ.யில் முடித்து அகில இந்தியத் தொழில் தேர்வில் தேறினால் தேசியத் தொழிற்சான்றான என்.டி.சி.; ஆலையில் அப்ரண்டிஸாக இருந்து தேறினால் தேசிய அப்ரண்டிஸ் சான்றான என்.ஏ.சி. 1971இல் மாநிலத் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் உருவாகி, ஓசூரில் தொழில் வளாகம் எழுந்து, 1980 வாக்கில் டி.வி.எஸ்., அசோக் லேலண்டு ஆலைகளும் அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் டைட்டனும் வந்தபோது, அன்றைய தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் தாள்களே நுழைவுச் சீட்டாயின. மாநிலக் குழு தரும் எஸ்.சி.வி.டி. சான்றும் இருந்தது. எல்லை ஊரில் இந்த வேறுபாடு சின்ன விஷயமில்லை: என்.டி.சி. அத்திப்பள்ளி சோதனைச் சாவடிக்கு அப்பாலும் அதே மதிப்போடு செல்லும்.

தாளைச் சரிபார்த்தது எப்படி? நகல் எடுத்து, கெஜட்டட் ஆபீசரிடம் பச்சை மையில் ஒப்பம் வாங்க வேண்டும். ஐயம் வந்தால் ஆலை நிர்வாகம் ஐ.டி.ஐ.க்குக் கடிதம் எழுதும். உண்மை நிலையத்தின் பதிவேட்டில் இருந்தது. அந்த ஒப்பம் திறமைக்குச் சாட்சி அல்ல, நகல் அசலைப் போல இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. இருந்தும் அதற்காக ஒரு நாள் கூலியை இழந்து அலுவலக வாசலில் காத்திருந்தவர்கள் எளிய வீட்டுப் பிள்ளைகள்தான்.

2011 செப்டம்பரில் மோசில்லா நிறுவனம் மெக்கார்தர் அறக்கட்டளையின் துணையோடு அறிவித்த 'ஓப்பன் பேட்ஜஸ்' இந்தப் பதிவேட்டையே படத்துக்குள் வைக்கப் பார்த்தது. யார் கொடுத்தார், யாருக்கு, எதைச் செய்து காட்டியதற்கு, என்ன ஆதாரம், எப்போது காலாவதி என்ற விவரங்கள் எல்லாம் படக் கோப்பிலேயே புதைக்கப்பட்டன. 2013இல் முதல் பதிப்பு வந்தது. பெரும்பாலான வில்லைகள் வழங்குநரின் இணைய முகவரியைச் சுட்டின. சரிபார்ப்பவர் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். இதில்தான் பலவீனம். தளம் மூடினால் வில்லை வெறும் படம். பயனர்கள் தங்கள் வில்லைகளைச் சேர்த்து வைத்திருந்த பேக்பேக் என்ற பெட்டகத்தையே மோசில்லா கைவிட்டு, அவற்றை வேறொரு நிறுவனத்தின் பேட்ஜர் தளத்துக்கு மாற்ற நேர்ந்தது. தரநிலையின் பொறுப்பு 2017இல் ஐ.எம்.எஸ். குளோபலுக்குப் போனது, அதுவே இன்றைய ஒன்எட்டெக். 2024இல் இறுதியான 3.0 பதிப்பு, வழங்குநரின் மின்னொப்பத்தை வில்லையோடு பிணைக்கிறது. தளத்தைத் தேடிப் போகாமலே ஒப்பத்தைச் சோதிக்கலாம். பயனர் எங்கே வேண்டுமானாலும் கொண்டு போகலாம்.

புரியாத தொழில்நுட்பமாகத் தோன்றலாம். ஆனால் ஜவளகிரியில் இதன் உடன்பிறப்பை எல்லோரும் கையில் வைத்திருந்தார்கள். 2021இல் கோவின் தளம் தந்த கொரோனா தடுப்பூசிச் சான்றின் கியூ.ஆர். கட்டம் இதே மின்னொப்ப முறையில் அமைந்ததுதான்.

இந்தியாவில் பாதை வேறு விதமாக அமைந்தது. இங்கே படத்துக்கு முன் பெட்டகம் வந்தது. 2015இல் டிஜிலாக்கர், 2017இல் அதில் வழங்கப்படும் ஆவணத்துக்கு அசலுக்குரிய சட்ட மதிப்பு. பச்சை மைக்கு வேலையில்லாமல் போனதில் இதற்கும் பங்கு உண்டு. 2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2023இல் 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் டாடா டெக்னாலஜிஸ் கூட்டுறவில் நவீனத் தொழில்நுட்ப மையங்களாக மாறத் தொடங்கின. அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசின் 'ஸ்கில் இந்தியா டிஜிட்டல்' தளம் வந்தது. இரண்டு ஆண்டு என்.டி.சி.க்குப் பக்கத்தில் சில வாரப் பயிற்சிக்கும் சான்று உண்டு என்ற நிலை உருவானது.

சிறு சான்றுகள் பெருகுவதை நான் வரவேற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. வருகைக்கு ஒரு வில்லை, காணொளி பார்த்ததற்கு ஒரு வில்லை என்று வாரி இறைத்தால் வேலைக்கு எடுப்பவர் எதையும் பார்க்க மாட்டார். வெல்டிங் வில்லையில் எந்த உலோகம், எந்த நிலையில் வைத்துப் பற்றவைத்தார், யார் சோதித்தார் என்பது இருக்க வேண்டும். அதுவும் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் பெற்றவருக்கே தன் வில்லை என்ன சொல்கிறது என்று தெரியாது.

நிர்வாகத்தில் இன்னும் கடினமான இடம் பெயர். எல்லைப் பகுதியில் முனியப்பா என்ற ஒருவர் ஆதாரில் முனியப்பாவாகவும் பள்ளிச் சான்றில் முனியப்பனாகவும் இருக்கக்கூடும். இனிஷியல் முன்னும் பின்னும் மாறும். பழைய பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்துத் திருத்தி ஒப்பமிட்டால் போதும். மின்னொப்பமிட்ட வில்லையில் ஓர் எழுத்தைத் தொட்டாலும் ஒப்பம் முறியும். பழையதை ரத்து செய்து, ரத்துப் பட்டியலில் சேர்த்து, புதியதை வழங்க வேண்டும். கைபேசி எண் மாறினாலும் இதே அலைச்சல்தான்: ஆதாரோடு இணைந்த எண் கையில் இல்லாதவருக்கு ஓ.டி.பி. வராது, பெட்டகம் திறக்காது. ஆகவே 3.0 பதிப்பிலும் வழங்குநரின் பொறுப்பு ஒப்பமிட்ட நாளோடு முடிவதில்லை. இந்தத் திருத்தத்தைச் சென்னைக்கு மனுப் போடாமல், ஓசூர் ஐ.டி.ஐ. அலுவலகத்திலோ தேன்கனிக்கோட்டை இ-சேவை மையத்திலோ, தமிழில் ஒரே படிவத்தில் முடித்துத் தர வேண்டும். தளி வழியாகப் பேருந்து பிடித்து வருபவர் அன்று மாலைக்குள் ஊர் திரும்பியாக வேண்டும்.