காசியிற் கால்கொண்ட தமிழ்

வருணை, அசி என்னும் இரு சிற்றாறுகளுக்கு இடையே அமைந்தமையால் வாரணாசி எனப் பெயர் வந்தது என்பர். கங்கை இங்கே வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது. அதன் மேலைக்கரையில் பிறைபோல் வளைந்து எண்பதுக்கும் மேற்பட்ட படித்துறைகள் நிற்கின்றன. புத்தர் முதன்முதல் அறமுரைத்த சாரநாத் அண்மையில் உள்ளது. கபீர்தாசர் தறி நெய்த நகரும் இதுவே. இவையெல்லாம் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவை. காசியின் பழமையை வியந்து பேசும் நாம், அந்நகரைக் கட்டிக் காத்தவர்களுட் பலர் அங்குப் பிறந்தவரல்லர் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

விசுவநாதர் ஆலயம் 1669ஆம் ஆண்டு ஔரங்கசீப்பின் ஆணையால் இடிக்கப்பட்டது. இன்று நாம் வணங்கும் கோயிலை ஏறத்தாழ 1780இல் எழுப்பியவர் இந்தூர் அரசி அகல்யாபாய் ஓல்கர். அதன் சிகரத்துக்குப் பொன் வழங்கியவர் பஞ்சாபை ஆண்ட ரஞ்சித் சிங். படித்துறைகள் பலவற்றை மராத்தியர் கட்டினர். இவ்வாறு வெளியிலிருந்து வந்தவர் வரிசையில் தமிழர்க்கும் ஓர் இடமுண்டு. ஆயினும் தமிழர் படையோடு சென்றாரல்லர், பாட்டோடு சென்றனர்.

பதினேழாம் நூற்றாண்டில், பொருநைக்கரைத் திருவைகுண்டத்திற் பிறந்த குமரகுருபர அடிகள், தருமபுர ஆதீனத்து மாசிலாமணி தேசிகரின் மாணவராய்க் காசிக்குச் சென்றார். வடபுல மொழி அறியாது சென்றவர், கலைமகளை வேண்டிச் சகலகலாவல்லி மாலை பாடி அம்மொழியில் வன்மை பெற்றார் என்பது மரபு. மொகலாய ஆட்சியாளரைக் கண்டு மடத்துக்கு இடம் பெற்றார் என்றும் கூறுவர். கேதார கட்டத்தில் அவர் நிறுவிய மடமும், அதன் பராமரிப்பில் உள்ள கேதாரேசுவரர் ஆலயமும் இன்றும் உள்ளன. அவர் வழிவந்தோர் பிற்காலத்தில் சோழநாட்டுத் திருப்பனந்தாளில் அமைத்ததே காசிமடம்.

அடிகளின் கம்பராமாயண விரிவுரையைத் துளசிதாசர் கேட்டு, அதன் பின்னரே தம் இராமகாதையை இயற்றினார் என்று நம் விழா மேடைகளிற் சிலர் முழங்குவதுண்டு. கேட்க இனிதே, ஆயின் காலம் இடந்தரவில்லை. துளசிதாசர் தம் நூலைத் தொடங்கியது 1574இல். அவர் மறைந்தது 1623இல். அடிகள் காசியை அடைந்தது அதற்குப் பின்னரே. அயல்மொழி கற்று அயலார் நடுவே மடம் கண்ட பெருமை அடிகளுக்கு இருக்கையில், இல்லாததொன்றை ஏன் ஏற்ற வேண்டும்?

அவருக்குப் பின் சென்றோருள் நகரத்தார் குறிப்பிடத் தக்கவர். அவர்தம் சத்திரத்திலிருந்து பாலும் மலரும் வில்வமும் சந்தனமும் ஏந்தி, 'சம்போ, மகாதேவா' என்ற முழக்கத்தோடு விசுவநாதர் ஆலயத்துக்குச் செல்லும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. அனுமான் கட்டத்துக் குறுகிய சந்துகளிலோ தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றின. தந்தையை இழந்த பாரதியார் 1898இல் வந்து தங்கியது அங்கு வாழ்ந்த அத்தை குப்பம்மாளின் இல்லத்தில்தான். வடமொழியும் இந்தியும் அங்கே பயின்றார். தலைப்பாகையும் மீசையும் அங்கேதான் கொண்டார். எட்டயபுரத்திலிருந்து வந்த அந்த இளைஞரைத் தமிழ்நாடு நன்கறிந்த தோற்றம் காசியில் உருவானது என்பதில் நமக்கு என்றும் ஒரு வியப்பு.

சில ஆண்டுகட்கு முன், அலுவலகத்தார் அளிக்கும் விடுப்புப் பயணச் சலுகையில் குடும்பத்தோடு காசிக்குச் சென்றிருந்தோம். வடபுலத்திலேயே பிறந்து வளர்ந்த நம் இளைய மகளுக்குத் தமிழ் பேச வரும், படிப்பதென்றாலோ எழுத்துக்கூட்டித்தான். படகு கேதார கட்டத்தை நெருங்கியதும், படிகளிலும் சுவரிலும் சிவப்பும் வெள்ளையுமாய்ப் பட்டைகளைக் கண்டு, "ஊரில் தாத்தா வீட்டுப் பக்கத்துக் கோயில் மாதிரி இருக்கிறதே அப்பா!" என்றாள். நாம் விடை கூறுமுன், துடுப்பை நிறுத்திய படகோட்டி தன் போசுபுரி கலந்த இந்தியில், அது தெற்கேயிருந்து வந்த சாமியாருடைய இடம் என்றும், தன் பாட்டன் காலத்திலும் அப்படியே இருந்தது என்றும் சொன்னான். சாமியார் பெயர் அவனுக்குத் தெரியவில்லை. மகள் நம்மைப் பார்த்தாள். குமரகுருபரர் என்று அவனுக்கு நாம் சொன்னோம். அவன் இருமுறை சொல்லிப் பார்த்தான், அவளும் உடன் சொன்னாள்.