இறந்தவருக்கு இட்ட நெல்

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் அனுபவமுள்ள வியாபாரி ஒருவரைக் கவனித்துப் பாருங்கள். முருங்கைக்காய் ஒன்றைக் கையில் எடுப்பார். இலேசாக முறுக்கிப் பார்ப்பார். "இது நேற்றுப் பறித்ததில்லை, முந்தாநாள் பறித்தது" என்று சொல்லிவிடுவார். இதில் மாயம் ஒன்றும் இல்லை. மரத்தை விட்டுப் பிரிந்த நேரத்திலிருந்து காயின் ஈரம் குறைந்துகொண்டே வருகிறது. எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைக் கொண்டு, எப்போது பிரிந்தது என்பதை அவர் கணக்கிடுகிறார். இதே வழியில், ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன்பு அறுவடையான நெல்லின் வயதையும் சொல்ல முடியும் என்றால் நம்புவீர்களா?

அந்த நெல் கிடைத்த இடம் நமக்கு வெகுதொலைவில் இல்லை. ஒட்டன்சத்திரத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 30 கி.மீ. சென்றால் பழநி. அங்கிருந்து தென்மேற்கே சுமார் 12 கி.மீ. தொலைவில், மலையடிவாரத்தில் இருக்கிறது பொருந்தல் என்னும் ஊர். 2009, 2010 ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் அங்கு அகழாய்வு நடைபெற்றது. பழைய குடியிருப்பு மேட்டையும், அதையடுத்த ஈமக்காட்டையும் ஆராய்ந்தார்கள்.

ஈமச்சின்னங்களுள் ஒன்று கல்பதுக்கை. பலகைக் கற்களை மண்ணுக்குள் நிறுத்திப் பெட்டி போல் அமைத்து, மேலே மூடுகல் போட்ட கல்லறை அது. அதனுள் நான்கு கால்களுள்ள சாடி ஒன்று இருந்தது. சாடிக்குள் சுமார் இரண்டு கிலோ நெல், உமி கெடாமல் இருந்தது! பானையை நிறுத்தி வைக்கும் பிரிமனை ஒன்றும் அதே கல்லறையில் கிடைத்தது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் 'வய்ர' என்று கீறியிருந்தார்கள். ஆயிரக்கணக்கான மணிகளும் கிடைத்தன.

ஏன் வைத்தார்கள்?

செத்தவருக்கு நெல் எதற்கு? மணி எதற்கு? இந்தக் கேள்வி பொருந்தலுக்கு மட்டும் உரியதன்று. எகிப்தியர் தம் மன்னர்களின் கல்லறைகளில் ரொட்டியும் தானியமும் இறைச்சியும் வைத்தார்கள். மறுவுலகிலும் உடலுக்கு உணவு வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. இன்றைய ஈராக்கிலுள்ள ஊர் என்னும் பழைய நகரில் 1922 முதல் 1934 வரை லெனார்டு வூலி அகழ்ந்தார். அங்குள்ள அரச கல்லறைகளில் பணியாட்களும் சேர்த்துப் புதைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். எசமானருக்குப் போகுமிடத்தில் ஏவலாள் வேண்டும் என்று எண்ணினார்கள் போலும்!

நம் நாட்டிலும் வழக்கம் ஒன்றாக இருக்கவில்லை. எரித்தல், வெறுமனே இட்டுவிடுதல், குழிதோண்டிப் புதைத்தல், அறையில் வைத்து அடைத்தல், தாழியால் கவித்தல் என ஐந்து முறைகளை மணிமேகலை ஒரே ஊரின் சுடுகாட்டில் காட்டுகிறது. புறநானூற்றுப் புலவர் ஒருவர், இறந்துபோன சோழனுக்கு ஏற்ற பெரிய தாழியை வனைய முடியுமா என்று குயவரைப் பார்த்துக் கேட்கிறார். பொருநைக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் அத்தகைய தாழிகள் ஏராளம். அலெக்சாந்தர் ரீ என்பவர் 1899க்குப் பின் அங்கு அகழ்ந்தபோது, இரும்புக் கருவிகளோடு பொன் நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன.

தாழிகளைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லும் கதை ஒன்று உண்டு. "அந்தக் காலத்து மனிதர்களுக்குச் சாவே வராது, வயதாகிக் குறுகிப் போவார்கள், அவர்களைச் சோற்றோடு தாழியில் வைத்துப் புதைத்துவிடுவார்கள்" என்பது அந்தக் கதை. நீங்களும் கேட்டிருப்பீர்கள். அகழாய்வு இதை ஏற்கவில்லை. பல தாழிகளில் முழு உடல் இல்லை. சதை அழிந்த பின் பொறுக்கிச் சேர்த்த எலும்புகளே இருக்கின்றன. கீழடிக்கு அருகிலுள்ள கொந்தகை ஈமக்காட்டில் 2020இல் குழந்தைகளின் எலும்புக்கூடுகளும் கிடைத்தன. ஆகவே அது முதியவர்களை உயிரோடு ஒதுக்கிய இடமன்று; இறந்தவர்களைப் பேணிய இடம்.

பொருந்தல் நெல்லைப் பார்த்ததும், நாம் இன்று போடும் வாய்க்கரிசியின் தொடக்கம் இதுதான் என்று சொல்லத் தோன்றும். அவசரப்படக் கூடாது. இடையில் இருபத்தைந்து நூற்றாண்டுகள் இருக்கின்றன. இரண்டையும் சான்றில்லாமல் முடிச்சுப் போடுவது அறிவியல் ஆகாது. நெல்லை வைத்தவர்களின் மனத்தில் இருந்தது நம்பிக்கையா, நன்றியா, வெறும் வழக்கமா என்பதை நெல் சொல்லாது. ஆனால் அது எப்போது விளைந்தது என்பதைச் சொல்லும்.

நெல்லுக்குள் கடிகாரம்

விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களால் நம் காற்று மண்டலத்தில் நியூட்ரான்கள் உண்டாகின்றன. அவை நைட்ரஜன் அணுக்களைத் தாக்கும்போது கார்பன்–14 என்னும் கதிரியக்கக் கார்பன் பிறக்கிறது. இது மிகமிகச் சிறிய அளவே. ஏறத்தாழ இலட்சம் கோடி கார்பன் அணுக்களுக்கு ஒன்று! நெற்பயிர் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்கும்போது இதையும் சேர்த்தே ஏற்கிறது. அறுத்துவிட்டால் வரவு நின்றுவிடும். செலவு மட்டும் நடக்கும். கார்பன்–14 அணுக்கள் மெல்ல மெல்லச் சிதைந்து, 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். 2,500 ஆண்டுகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு மிஞ்சும். முருங்கைக்காயின் ஈரம் போன்றதே இதுவும்.

இம்முறையைக் கண்டவர் அமெரிக்கரான வில்லார்டு லிபி. அதற்காக 1960இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். தம் முறை சரிதானா என்று 1949இல் அவர் சோதித்த பொருள்களில், எகிப்திய மன்னர்களான சோசர், சினெபெரு ஆகியோரின் கல்லறைகளிலிருந்து எடுத்த மரத்துண்டுகளும் உண்டு. ஆண்டு ஏற்கெனவே தெரிந்த பொருளைக் கொண்டுதானே புதிய கடிகாரத்தைச் சரிபார்க்க வேண்டும்?

லிபியின் காலத்தில் சிதையும் அணுக்களைத்தான் எண்ணினார்கள். ஒரு கிராம் புதிய கார்பனில் சுமார் 6,000 கோடி கார்பன்–14 அணுக்கள் இருந்தாலும், நிமிடத்திற்குப் பதினான்கு அளவில்தான் சிதைகின்றன. எனவே மாதிரி நிறைய வேண்டியிருந்தது. 1970களின் இறுதியில் வந்த துகள்முடுக்கி முறை, சிதைவுக்காகக் காத்திராமல் அணுக்களையே நேராக எண்ணுகிறது. இதற்குச் சில மில்லிகிராம் போதும். ஒரே ஒரு நெல்மணி கூடப் போதும்!

நெல்லுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. மரக்கரியைச் சோதித்தால், அந்த மரம் வெட்டுவதற்கு முன்பே நூறாண்டு வாழ்ந்திருக்கலாம். பழைய விட்டத்தை மறுபடி பயன்படுத்தியும் இருக்கலாம். நெல்லோ ஒரே பருவத்துப் பயிர். அது காட்டுவது அறுவடைக் காலத்தை. அதாவது, பெரும்பாலும் சாவு நிகழ்ந்த காலத்தை.

எவ்வளவு நம்பலாம்?

பொருந்தல் நெல்லின் இரண்டு மாதிரிகளை இந்த முறையில் சோதித்ததில், ஒன்று கி.மு. 490 என்றும், மற்றது கி.மு. 450 என்றும் காட்டின. அசோகரின் காலம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. அப்படியானால் அதற்கு முன்பே பழநி மலையடிவாரத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார் என்றாகிறது. சாதாரணச் செய்தியா இது?

இங்கேதான் நிதானம் வேண்டும். காற்றிலுள்ள கார்பன்–14இன் அளவு எக்காலத்திலும் ஒரே சீராக இருந்ததில்லை. எனவே மரங்களின் ஆண்டு வளையங்களோடு ஒப்பிட்டுக் கணக்கைத் திருத்துகிறார்கள். கி.மு. 800க்கும் 400க்கும் இடைப்பட்ட காலத்தில் இந்தத் திருத்தக் கோடு ஏறக்குறையத் தட்டையாக ஓடுகிறது. வெவ்வேறு நூற்றாண்டு நெல்லும் கிட்டத்தட்ட ஒரே விடையைக் கொடுக்கும். ஆகவே 490 என்பதை நாட்காட்டித் தேதி போல் பிடித்துக்கொள்ளக் கூடாது. அகலமான ஒரு காலப்பகுதியின் அடையாளமாகவே கொள்ள வேண்டும். ஓரிரு முடிவுகளை வைத்துத் தீர்ப்பெழுதக் கூடாது என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் கருதியதும் நியாயமே. பின்னர் கீழடியில் எடுத்த கரி மாதிரி ஒன்று கி.மு. 580 என்று காட்டியதாக 2019இல் வெளியிட்டார்கள். சிவகளையில் தாழிக்குள் இருந்த நெல் கி.மு. 1155ஐச் சேர்ந்தது என்று 2021இல் அறிவித்தார்கள். இப்படிச் சான்றோடு சான்று சேரும்போதுதான் வரலாறு உறுதிப்படும்.

கலைத்துவிட்டால்?

ஒன்றை எண்ணிப் பாருங்கள். எழுத்தின் வயதை நேராக அளக்கக் கருவி இல்லை. சுட்ட மண்ணில் கீறிய 'வய்ர' தன் வயதைத் தானே சொல்லாது. நெல்லும் எழுத்தும் ஒரே கல்லறையில், கலையாமல், கூடவே இருந்ததால்தான் நெல்லின் வயதைக் கொண்டு எழுத்தின் காலத்தை மதிப்பிட முடிந்தது. யாரேனும் முன்பே புகுந்து சாடியைக் கவிழ்த்து, பிரிமனையை வெளியே எறிந்திருந்தால்? நெல் மக்கியிருக்கும், எழுத்து ஊமையாகியிருக்கும்.

நம் வட்டாரத்திலும் மானாவாரிக் காடுகளிலும் மலையோரங்களிலும் கல்வட்டங்களைக் காணலாம். பலகைக்கல் வேலிக்கு ஆகும், சல்லிக்கு ஆகும் என்று பெயர்ப்பவர்கள் உண்டு. புதையல் இருக்குமென்று இரவில் தோண்டுபவர்களும் உண்டு. உள்ளே இருப்பது பெரும்பாலும் எலும்பும் ஓடும் மணியுந்தான். ஆனால் அவற்றின் இருப்பிடந்தான் புதையல்.

கிணறு வெட்டும்போதோ, டிராக்டர் உழும்போதோ தாழியின் விளிம்பு தட்டுப்பட்டால் அத்துடன் நிறுத்துங்கள். எதையும் எடுக்காமல், வட்டாட்சியருக்கோ மாநிலத் தொல்லியல் துறைக்கோ தகவல் சொல்லுங்கள். யாரோ ஒரு குடும்பம், தங்களை விட்டுப் போனவருக்குப் பசிக்கக் கூடாது என்று இரண்டு கிலோ நெல்லை எடுத்துவைத்தது. அது அவருக்குப் பயன்பட்டதா என்று யாரும் சொல்ல முடியாது. நமக்குப் பயன்பட்டிருக்கிறது. இன்னும் திறக்காத கல்லறைகள் நமக்குப் பின் வருபவர்களுக்குப் பயன்படட்டும்.